கட்டும் குழுவும் கேட்கும் குழுவும்: ஹைதராபாத் அரசுப் பள்ளிகளின் சமூக ஆளுகை குறித்து

ஹைதராபாத்தின் அரசுப் பள்ளிகளில் குழுக்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 1998-இலேயே பள்ளிக் கல்வியில் சமூகப் பங்கேற்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றிப் பெற்றோரைக் கொண்ட கல்விக் குழுக்களை உருவாக்கியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கி, அதில் நான்கில் மூன்று பங்கு இடங்களைப் பெற்றோருக்கும், மொத்தத்தில் பாதியைப் பெண்களுக்கும் ஒதுக்கியது. 2022-இல் தெலங்கானா அரசு தொடங்கிய ‘மன ஊரு – மன படி’ (நம் ஊர் – நம் பள்ளி) திட்டம் நகரங்களில் ‘மன பஸ்தி – மன படி’ என்ற பெயரில் வந்தது. 26,065 பள்ளிகளுக்கு 7,289 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட அத்திட்டமும் இக்குழுக்களின் வழியாகவே நடக்கும் என்றது. இத்தனைக்குப் பின்னும் பள்ளி நிர்வாகம் பஸ்தி எனப்படும் நகர்ப்புற எளியோர் குடியிருப்பு மக்களின் கைக்கு எட்டவில்லை என்றால், காரணத்தைப் பங்கேற்பின் அளவில் தேடிப் பயனில்லை. அதன் வகையில்தான் தேட வேண்டும். குழுக்களுக்குக் கட்டும் வேலை மீண்டும் மீண்டும் தரப்பட்டது. கணக்குக் கேட்கும் அதிகாரம் ஒருமுறைகூட முழுதாகத் தரப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அண்மைய நிகழ்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. மேலாண்மைக் குழுவின் காலம் ஈராண்டு. 2019 இறுதியில் தேர்வான குழுக்களின் காலம் 2021-இல் முடிந்தது. அரசாணைகளால் நீட்டிக்கப்பட்டு, 2024 ஜனவரியில்தான் மறுதேர்தல் நடந்தது. அத்தேர்தலின் மை உலர்வதற்குள், அதே ஆண்டில், ‘அம்மா ஆதர்ஷ பாடசாலா’ குழுக்கள் என்ற புதிய அமைப்பு வந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பின் தலைவி இதன் தலைவர், தலைமையாசிரியர் ஒருங்கிணைப்பாளர். குடிநீர், கழிப்பறை, மின்வசதி, சிறு பழுதுபார்ப்பு ஆகியவை இதன் பொறுப்பு. சுயஉதவிக் குழுக்களுக்குப் பணத்தைக் கையாண்ட நீண்ட அனுபவம் உண்டு என்பதால் இத்தேர்வில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பெற்றோர் வாக்களித்து அமைத்த குழு இருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொன்றை அமைக்க முடிந்தது என்பது, நிர்வாகத்தின் பார்வையில் குழு என்பது வேலையை முடித்துத் தரும் ஒரு முகமை மட்டுமே என்பதைச் சொல்லிவிடுகிறது. முகமையை மாற்றலாம், மக்களின் பிரதிநிதித்துவத்தை அப்படி மாற்றிவிட முடியாது.

கல்வி உரிமைச் சட்டம் இந்நிலையை ஓரளவு முன்னறிந்தே எழுதப்பட்டது. பிரிவு 21 பள்ளியின் செயல்பாட்டையும் மானியச் செலவையும் கண்காணிக்கும் பொறுப்பைக் குழுவுக்குத் தருகிறது. பிரிவு 22 அதைவிடக் கனமானது: குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக வேண்டும் என்கிறது. நடைமுறையோ தலைகீழ். ‘மன ஊரு’ திட்டத்தில் 12 வகைப் பணிகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டு, அவற்றுள் பள்ளி பொருத்தப்பட்டது. 2022-இல் மாநில அமைச்சரவை அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற முடிவெடுத்தபோது, தெலுங்கு, உருது வழியில் பயின்ற குழந்தைகளின் பெற்றோர் குழுக்கள் அதுபற்றித் தீர்மானம் இயற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. பல பெற்றோர் அம்முடிவை வரவேற்றிருக்கக்கூடும். கேட்கப்பட்டார்களா என்பது வேறு கேள்வி. பரிந்துரைக்கும் உரிமை குழுவுக்கு உண்டு. அதற்குக் காரணம் காட்டிப் பதில் தர வேண்டிய கடமை அதிகாரிக்கு இல்லை. இந்த ஓர் இடைவெளியில் சட்டத்தின் நோக்கம் முழுவதும் கசிந்துவிடுகிறது.

மாநகரத்தில் இதற்கு மேல் ஓர் அமைப்புக் குறையும் உண்டு. அரசமைப்பின் பதினோராம் அட்டவணை தொடக்க, இடைநிலைப் பள்ளிக் கல்வியை ஊராட்சிகளுக்குரிய பொருள்களில் வெளிப்படையாகச் சேர்க்கிறது. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையோ கல்வி, பண்பாட்டு அம்சங்களை ஊக்குவித்தல் என்ற பொதுச் சொற்களோடு நின்றுவிடுகிறது. சென்னை, மும்பை மாநகராட்சிகள் சொந்தப் பள்ளிகளை நடத்துவதால் அங்கே மாமன்றத்தில் பள்ளியைப் பற்றிக் கேள்வி எழுப்ப ஓர் இடம் உண்டு. ஹைதராபாத்தில் அரசுப் பள்ளிகள் மாநிலக் கல்வித் துறையின் கீழ், மாவட்டக் கல்வி அலுவலர் வழியாக இயங்குகின்றன. பள்ளிக் குழுவுக்கும் தலைமைச் செயலகத்துக்கும் நடுவே, கல்விக்குப் பொறுப்பேற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் எதுவும் இல்லை. குறைகளை உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் தரலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32 சொல்கிறது. பள்ளியை நடத்தாத மாநகராட்சியைக் கொண்ட நகரத்தில் அந்த வழி எங்கே போய் முடியும் என்பது தெளிவற்றது.

இவ்வாதத்துக்கு எதிராக எழும் வலுவான தடை ஆய்வுலகிலிருந்தே வருகிறது. பொருளியலாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ முதலானோர் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கிராமக் கல்விக் குழுக்களைப் பற்றிய தகவலை மக்களுக்கு எடுத்துச் சொன்னது பள்ளியில் அவர்களது ஈடுபாட்டையோ ஆசிரியர் உழைப்பையோ கூட்டவில்லை. அப்படியானால் சமூக ஆளுகை வீண் முயற்சியா? அதே ஆய்வு, உள்ளூர்த் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்று நடத்திய வாசிப்பு வகுப்புகளுக்கு வந்த குழந்தைகளின் வாசிப்புத் திறன் உயர்ந்ததையும் பதிவு செய்தது. தங்கள் செயலால் விளைவு உண்டாகும் இடத்தில் மக்கள் செயல்பட்டார்கள். விளைவு நிச்சயமற்ற இடத்தில் ஒதுங்கினார்கள் என்று இதைப் படிப்பதே பொருத்தம். மறுமுனையில் நாகாலாந்து இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே கிராமக் கல்விக் குழுக்களின் வழியே ஆசிரியர் ஊதியம் சென்றது. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லும் அதிகாரமும் குழுவுக்கு வந்தது. அங்குள்ள இறுக்கமான கிராமச் சமூகம் ஹைதராபாத் பஸ்திகளில் இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள், வாடகை வீடு மாறும் குடும்பங்கள், உருதும் தெலுங்கும் இந்தியும் கலந்த தெருக்கள் என்பதே நகரத்தின் இயல்பு. ஆகவே நாகாலாந்தை அப்படியே நகலெடுக்க முடியாது. அதிகாரம் திட்ட அறிவிப்பால் வராது, சட்டத்தால்தான் வரும் என்பதே அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க பாடம்.

மற்றொரு தடை: பெற்றோரில் பலர் அரசுப் பள்ளியை விட்டே போய்விட்டார்கள் என்பது. ஹைதராபாத் பழைய நகரத்தின் குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகளைக் கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் டூலி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விரிவாக ஆராய்ந்தார். ஏழைப் பெற்றோரும் காசு கொடுத்து வெளியேறுவதை அவர் சந்தைக்கான சான்றாகக் கண்டார். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வகுத்த ‘வெளியேற்றம், குரல்’ என்ற சட்டகத்தில் பார்த்தால் இதற்கு வேறொரு விளக்கமும் உண்டு. குரல் எடுபடாத நிறுவனத்திலிருந்து முதலில் வெளியேறுபவர்கள் உரக்கக் கேட்கக்கூடியவர்கள். அவர்கள் போனபின் மிஞ்சும் குரல் மேலும் தேய்கிறது. எனவே வெளியேற்றம் சமூக ஆளுகையின் தேவையைக் குறைக்கவில்லை. மாணவரின் பெற்றோரோடு நின்றுவிடாமல் முன்னாள் மாணவரையும் பஸ்தியினரையும் சேர்க்கும்படி அதன் வட்டத்தை விரிக்கச் சொல்கிறது. தினக்கூலிக்குப் போகும் தாய்க்குக் கூட்டத்துக்கு வர நேரமில்லை என்பது உண்மைதான். கூட்டத்தை வேலை நாளின் காலையில் வைப்பது நிர்வாகத்தின் வசதி. மாலையிலோ ஞாயிறன்றோ வைத்து, இழந்த கூலிக்கு ஈடாக அமர்வுப்படி தருவது கொள்கை முடிவு. உள்ளூர் அரசியல்வாதிகள் புகுந்துவிடுவார்கள், பாடம் நடத்துவதில் தலையிடுவார்கள் என்ற ஆசிரியர்களின் அச்சமும் புறந்தள்ளக்கூடியதன்று. சிகாகோ நகரத்தில் 1988-இன் சட்டம் பெற்றோர் பெரும்பான்மை கொண்ட பள்ளி மன்றங்களுக்குத் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே தந்தது. இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பணி நியமனமும் கற்பித்தல் முறையும் துறையிடமே இருக்கட்டும். காலிப் பணியிடம், வருகை, மதிய உணவு, செலவு ஆகியவற்றில் விளக்கம் கேட்கும் உரிமை குழுவிடம் இருக்கட்டும்.

இதிலிருந்து சீர்திருத்தத்தின் வடிவம் தெளிவாகிறது. ஒரு பள்ளிக்கு ஒரே குழு. சுயஉதவிக் கூட்டமைப்பின் பிரதிநிதி அதனுள் இடம்பெறலாம், அதற்குப் போட்டியாக அல்ல. அரசாணையால் தள்ளிப்போட முடியாத தேர்தல் நாள் சட்டத்திலேயே இருக்க வேண்டும். குழுவின் எழுத்துமூலத் தீர்மானத்துக்கு அதிகாரி குறிப்பிட்ட கெடுவுக்குள், பெற்றோர் படிக்கும் மொழியில், காரணத்தோடு பதில் தர வேண்டும்; தராவிட்டால் மேல்முறையீடு. பள்ளிக் குழுக்கள் வார்டு அளவில் கூடித் தங்கள் பிரதிநிதிகளை மாநகர அளவிலான கல்வி மன்றத்துக்கு அனுப்ப, மாவட்டக் கல்வி அலுவலர் அம்மன்றத்தின் முன் ஆண்டுதோறும் அறிக்கை வைக்க வேண்டும். 2024-இல் அகுனூரி முரளி தலைமையில் மாநிலக் கல்வி ஆணையத்தை அமைத்த தெலங்கானாவுக்கு, இவற்றைச் சட்ட வரைவாக்குவதற்கான மேடை இருக்கிறது. இவற்றில் பதில் தரும் கடமைக்கே முதலிடம் தர வேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. அது இல்லாமல் எத்தனை குழு அமைத்தாலும், அடுத்த அரசு தன் பெயரில் இன்னொன்றை அமைப்பதைத் தடுக்க எதுவும் இருக்காது.