மூழ்க வேண்டிய புத்தகங்கள்

கப்பலில் விலையுயர்ந்த பொருட்களை எங்கே வைப்பார்கள்? சுலபமான கேள்விதான். பெரிய கப்பலானாலும் சரி, கோடீஸ்வரர்களின் சொந்த உல்லாசப் படகானாலும் சரி, ஒரு இரும்புப் பெட்டகம் இருக்கும். சாவி கேப்டனிடம் இருக்கும். தங்கம், நகை, பணம் எல்லாம் அதற்குள் போய்விடும். ஆனால் ரகசியக் காகிதங்களின் கதை வேறு நண்பர்களே! நகை என்றால் தொலையக் கூடாது. ரகசியம் என்றால், எதிராளி கையில் கிடைப்பதைவிட ஒரேயடியாகத் தொலைந்து போவதே மேல். இந்த இரண்டையும் ஒரே பெட்டகத்தில் வைத்துப் பூட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

கடற்படைகள் இதற்குக் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. சங்கேதப் புத்தகங்களுக்கு ஈயத்தில் அட்டை போட்டார்கள். ஆபத்து வந்தால் தூக்கிக் கடலில் எறி, அது அடியில் போய்விடும், அவ்வளவுதான். பூட்டு, காவல் எதுவும் தேவையில்லை. கடலே பெட்டகம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடல் ஆழமாக இருக்க வேண்டுமே?

1914 ஆகஸ்ட் 26 அன்று ஜெர்மனியின் மாக்டபர்க் என்ற போர்க்கப்பல் பால்டிக் கடலில், இன்றைய எஸ்டோனியாவுக்கு அருகே ஒரு தீவின் கரையில் மூடுபனியில் தரைதட்டி நின்றது. (ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் நம் சென்னை மீது குண்டு வீசிய எம்டனும் இதே ரகக் கப்பல்தான்.) ரஷ்யக் கப்பல்கள் நெருங்கி வந்துவிட்டன. அவசர அவசரமாகப் புத்தகங்களைக் கடலில் எறிந்தார்கள். தரைதட்டிய கப்பலைச் சுற்றி எவ்வளவு ஆழம் இருந்துவிடப் போகிறது? ரஷ்யர்கள் முக்குளிப்பவர்களை இறக்கி எடுத்துவிட்டார்கள். போதாததற்குக் கேப்டனின் அறையில் பூட்டி வைத்திருந்த ஒரு பிரதியை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்! பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டி வைத்த புத்தகம், பத்திரமாக எதிரியிடம் போய்ச் சேர்ந்தது.

அதில் ஒரு பிரதியை ரஷ்யா தன் கூட்டாளியான பிரிட்டனுக்குக் கொடுத்தது. அக்டோபரில் அது லண்டனில், அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலின் கைக்கு வந்தது. இறந்து மிதந்த ஒரு மாலுமியின் அணைப்பில் அந்தப் புத்தகம் இருந்தது என்று சர்ச்சில் பிற்பாடு உருக்கமாக எழுதினார். படிக்க அருமையாக இருக்கும், ஆனால் ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. அதன்பின் ஜெர்மன் கப்பற்படை கிளம்பும் சேதி பலமுறை முன்கூட்டியே லண்டனுக்குத் தெரிந்துபோனது. அந்தப் புத்தகத்தை ஜெர்மனி மாற்றியது 1917இல்தான். வேடிக்கை என்னவென்றால், அதே 1914இல் மூழ்கிய இன்னொரு ஜெர்மன் கப்பலிலிருந்து வீசிய ஈயம் பூசிய பெட்டி, சில வாரங்களில் ஒரு ஆங்கிலேய மீன்பிடிப் படகின் வலையில் சிக்கியது! அதற்குள்ளும் ஒரு சங்கேதப் புத்தகம்.

அடுத்தவன் தவறு இவ்வளவு லாபம் தந்ததைப் பார்த்த பிரிட்டிஷ்காரர்கள் உஷாராக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் இருக்கிறது கதை.

1940 நவம்பர் 11. ஆட்டோமெடான் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் இந்தியப் பெருங்கடலில் சுமத்ராவுக்கு மேற்கே பினாங்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சாதாரண வணிகக் கப்பல். விமான பாகங்கள், கார்கள், மது, சிகரெட் என்று சரக்கு. அதோடு கூடவே, சிங்கப்பூரில் இருந்த தூரகிழக்குத் தலைமைத் தளபதிக்கு லண்டன் அனுப்பிய அதிரகசிய அறிக்கையும் இருந்தது. ஜப்பான் தாக்கினால் அங்கே அனுப்ப நம்மிடம் போதிய கப்பற்படை இல்லை என்பதுதான் அதன் சாரம். ஒரு சாம்ராஜ்யம் தன் பலவீனத்தைத் தானே எழுதி, சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறது!

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இல்லை. அறிக்கை ஒரு பச்சை நிறப் பையில் இருந்தது. தண்ணீர் புகுந்து சட்டென்று மூழ்குவதற்காகப் பையில் பித்தளை வளையம் வைத்த துளைகள் இருந்தன. எளிதில் எடுத்து எறிய வசதியாக, கேப்டன் நிற்கும் மேல்தளத்தை ஒட்டிய வரைபட அறையில் வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாக யோசித்துச் செய்ததுதான். ஆனால் வணிகக் கப்பல் வேடத்தில் நெருங்கி வந்த ஜெர்மன் கப்பல் அட்லாண்டிஸ் சுட்ட குண்டுகள் முதலில் விழுந்தது அந்த மேல்தளத்தில்தான். கேப்டன் அங்கேயே இறந்தார். பையை எறிய வேண்டியவர்கள் செத்தோ, மயங்கியோ கிடந்தார்கள். பை மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

எனக்கு இந்த இடம்தான் திரும்பத் திரும்ப மனதில் ஓடுகிறது. பையில் குறையில்லை, துளையில் குறையில்லை. எறிவதற்கு ஒரு உயிருள்ள கை வேண்டும் என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஜெர்மானியர்கள் பெட்டக அறையையும் உடைத்துத் திறந்தார்கள். அங்கே ரகசியத் தபால் மூட்டைகள் கிடைத்தன. எல்லாம் ஒரு கைப்பற்றிய எண்ணெய்க் கப்பலில் ஏறி டிசம்பர் முதல் வாரத்தில் ஜப்பானின் கோபே துறைமுகம் போய்ச் சேர்ந்தன. டோக்கியோவில் இருந்த ஜெர்மன் கடற்படை அதிகாரி அறிக்கையின் பிரதியை ஜப்பானியரிடம் கொடுத்தார். அட்லாண்டிஸ் கேப்டன் ரோகேவுக்குப் பின்னாளில் ஜப்பான் ஒரு சாமுராய் வாள் பரிசளித்தது.

அந்த ஒரு பையால்தான் சிங்கப்பூர் விழுந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1941இல் ஜப்பானுக்கு எண்ணெய் விற்பதை அமெரிக்கா நிறுத்தியது முதல் எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் தெற்கே இறங்கலாமா என்று தயங்குகிறவனுக்கு, எதிரியே தன் கைப்பட எழுதிய வாக்குமூலம் கிடைத்தால் தைரியம் வராதா என்ன? 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்குப் பிறகு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டு, திரும்பி வராத தமிழர்கள் பல்லாயிரம் பேர்.

ஜெர்மானியர்கள் இரண்டாம் உலகப் போரில் ஈயத்தை மட்டும் நம்பவில்லை. நீர்மூழ்கிக் கப்பல்களின் சங்கேதப் புத்தகங்களைத் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும் மையில் அச்சடித்தார்கள். எறியக்கூட வேண்டாம், நனைந்தாலே போதும். நல்ல யோசனை. ஆனால் 1942 அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் யு-559 என்ற நீர்மூழ்கியை விட்டு அதன் மாலுமிகள் வெளியேறியபோது, மூழ்கிக்கொண்டிருந்த அந்தக் கப்பலுக்குள் பெட்டார்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலின் ஆட்கள் புகுந்தார்கள். ஃபாசன், கிரேசியர் இருவரும் உள்ளே இறங்கிப் புத்தகங்களை நனையாமல் எடுத்துக் கொடுக்க, டாமி பிரவுன் என்ற பையன் வாங்கி மேலே சேர்த்தான். கப்பல் கேன்டீனில் வேலை பார்த்தவன், வயது 16, பொய் வயது சொல்லிச் சேர்ந்தவன். இன்னும் இருக்கிறது என்று மறுபடி தேடியபோது கப்பல் சட்டென்று உள்ளே போனது. பிரவுன் மட்டும் தப்பினான்.

பத்து மாதமாகப் படிக்க முடியாமல் இருந்த ஜெர்மன் நீர்மூழ்கிகளின் சங்கேதத்தை பிளெட்ச்லி பார்க்கில் இருந்தவர்கள் அந்த டிசம்பரில் அந்தப் புத்தகங்களை வைத்துத்தான் உடைத்தார்கள்.