போடிநாயக்கனூர் ஏலக்காய் விலைச் சரிவும் வாகன வணிகமும்

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள நகராட்சி. இவ்வூரின் பொருளாதாரம் ஏலக்காயைச் சார்ந்தது. மலைமேல் தோட்டம் வைத்திருப்போர், காய் வாங்கி விற்கும் வணிகர், காய் எடுக்கவும் தரம் பிரிக்கவும் செல்லும் தொழிலாளர், அவர்களை ஏற்றிச் செல்லும் ஜீப் உரிமையாளர், கார் மற்றும் சரக்கு வாகன விற்பனையாளர் ஆகிய அனைவரின் வருமானமும் ஏதோ ஒரு வகையில் ஏலக்காயோடு பிணைந்துள்ளது. எனவே நாடு முழுவதும் ஏற்படும் பொருளாதார மந்தமும் இவ்வூரில் ஏற்படும் மந்தமும் ஒரே காலத்தில் வருவதில்லை. விற்பனையகத்தைப் பாதிக்கும் மந்தமும் தொழிலாளியைப் பாதிக்கும் மந்தமும்கூடப் பல ஆண்டுகளில் வேறுவேறாகவே இருந்துள்ளன.

ஊரும் மலையும்

ஏலக்காய் விளையும் மலைப்பகுதியின் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. உடும்பன்சோலை, சாந்தம்பாறை, பூப்பாறை, ராஜகுமாரி, நெடுங்கண்டம், வண்டன்மேடு ஆகியவை முக்கியமான ஏலத்தோட்டப் பகுதிகள். 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்கள் கேரளத்தில் அமைந்தன. இதனால் வீடு தமிழ்நாட்டிலும் வேலை கேரளத்திலும் என்ற நிலை அடிவார மக்களுக்கு நிலைத்துவிட்டது.

மலையின் விளைபொருள் போடி வழியாக இறங்குவது பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு பகுதித் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாகக் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து போடிக்கு வந்தது. 1928-இல் மதுரை–போடி ரயில் பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில் மீண்டும் போடப்பட்டன. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், 2023 ஜூனில்தான் மறுபடியும் போடிக்கு வந்தது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் முழுமையாகச் சாலை வாகனங்களையே நம்பியிருந்தது.

மலைக்குச் செல்லும் முக்கியச் சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட போடிமெட்டுச் சாலை. தேவாரம், கோம்பை, கம்பம் பகுதியினர் கம்பம்மெட்டு, குமுளி வழிகளையும் பயன்படுத்துகின்றனர்.

ஏலக்காய் விற்பனையை ஒழுங்குபடுத்த 1966-இல் ஏலக்காய் வாரியம் அமைக்கப்பட்டது. 1987-இல் நறுமணப் பொருள் வாரியம் அதன் இடத்தில் வந்தது. 2007-இல் மின்னணு ஏலமுறை தொடங்கியது. இன்று போடியிலும் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இயங்குகின்றன. அங்கு திரையில் தோன்றும் விலையே ஊரின் அன்றைய பேச்சு.

ஜீப்பும் அதன் கணக்கும்

மகிந்திரா நிறுவனம் 1947-இல் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. கற்களும் சேறும் நிறைந்த தோட்டப் பாதைகளுக்கு அவ்வகை வண்டியே ஏற்றதாக இருந்ததால், ஏலமலையில் ஜீப் நிலைத்துவிட்டது. காலையில் இருள் பிரியுமுன் அடிவார ஊர்களிலிருந்து தொழிலாளர்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு மலையேறி மாலையில் இறக்கிவிடுவது ஒரு தனித் தொழில். உரம், மருந்து, விறகு, உலர்ந்த காய் ஆகியவையும் இவ்வண்டிகளில் போகின்றன.

ஜீப் வைத்திருப்போரில் பலர் ஒற்றை வண்டியின் உரிமையாளர்கள், அவர்களே ஓட்டுநர்கள். வண்டிக்கடன் தவணை, காப்பீடு, தகுதிச் சான்று, டயர், டீசல் என்று செலவுகள் மாதந்தோறும் நிற்காமல் வரும். வரவோ மலையில் வேலை இருக்கும் நாட்களில் மட்டுமே வரும். வேலை குறைந்தால் ஆள் குறைவாக ஏற்றிச் செல்ல வேண்டும். டீசல் செலவு அதேதான். எனவே சிலர் இரண்டு வண்டி ஆட்களை ஒரே வண்டியில் ஏற்றுகின்றனர். வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் இவ்வாறு அதிகப் பாரம் ஏற்றுவது உயிருக்கே ஆபத்தானது. மந்தம் இங்கே பணத்தோடு நிற்பதில்லை.

விற்பனையகம் இயங்கும் முறை

கார் விற்பனையாளர் வாகனத்தை உற்பத்தி நிறுவனத்திடமிருந்து முதலில் விலை கொடுத்து வாங்கி நிறுத்துகிறார். அந்தப் பணம் பெரும்பாலும் வங்கியின் இருப்புக் கடன். வண்டி விற்கும்வரை நாள்தோறும் வட்டி ஏறும். ஒரு காரில் கிடைக்கும் இலாபம் சிறியது. ஒரு மாதம் கூடுதலாக நின்றால் வட்டி அதைத் தின்றுவிடும். ஆகவே மந்த காலத்தில் முதலில் தள்ளுபடி, அடுத்து ஆட்குறைப்பு, இறுதியில் கிளை மூடல் என்ற வரிசை தொடர்கிறது. பட்டறை வருமானம் மட்டும் சற்றுத் தாங்கும். புதுவண்டி வாங்காதவர் பழைய வண்டியைப் பழுது பார்த்தாக வேண்டும். விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு. விற்கும் வண்டிக்கு ஏற்பக் கிடைக்கும் ஊக்கத்தொகையே குடும்பத்தை நடத்துவது. வேலை போகாவிட்டாலும் ஊக்கத்தொகை நின்றால் பாதி வருமானம் போய்விடும்.

போடியினர் கார் வாங்கப் பெரும்பாலும் தேனிக்கும் மதுரைக்கும் செல்கின்றனர். ஏலத்தோட்ட உரிமையாளர்களும் வணிகர்களும் வண்டி வாங்குவது காய் விற்ற பணம் கைக்கு வந்த பிறகே. எனவே தோட்ட வருமானம் ஏறி இறங்குவதை வாகன விற்பனை சில மாதங்கள் கழித்துப் பின்தொடர்கிறது.

1980-களின் முதல் பெருஞ்சரிவு

நெடுங்காலம் உலக ஏலக்காய்ச் சந்தையில் இந்தியா முதலிடத்தில் இருந்தது. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் ஜெர்மானியத் தோட்டக்காரர்கள் வழியாக ஏலம் பயிரானது. அந்நாட்டு மக்கள் ஏலக்காயை அதிகம் உண்பதில்லை. விளைச்சலில் பெரும்பங்கு மேற்காசிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. 1982–83-இல் கடும் வறட்சி இந்தியத் தோட்டங்களைத் தாக்கியபோது, குவாத்தமாலாவின் மலிவான காய் சவூதி அரேபியா உள்ளிட்ட சந்தைகளைப் பிடித்துக்கொண்டது. வறட்சி நீங்கி இந்திய விளைச்சல் மீண்டபின்னும் இழந்த சந்தை முழுதாகத் திரும்பவில்லை.

இந்திய ஏலக்காய் அதன்பின் உள்நாட்டுச் சந்தையையே பெரிதும் நம்பி நின்றது. இடுக்கி மாவட்ட விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய நல்லாணி ரகம் ஏக்கர் விளைச்சலைப் பல மடங்கு உயர்த்தியது. விளைச்சல் உயர்ந்ததால் காய் எடுக்கும் ஆட்களின் தேவையும் ஜீப்புகளின் தேவையும் கூடின. அடிவார ஊர்களுக்கும் மலைக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் இன்றைய பெரும் போக்குவரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

2019: இரண்டு எதிரெதிர்ச் செய்திகள்

2018 செப்டம்பரில் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியதால், வங்கி சாரா நிதி நிறுவனங்களிடம் பணப்புழக்கம் வற்றியது. கிராமப்புறத்திலும் சிறுநகரங்களிலும் வண்டிக்கடன் தருவது பெரும்பாலும் இந்நிறுவனங்களே. அதே மாதம் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை முன்கூட்டியே எடுக்கும் விதியும் வந்தது. 2020 ஏப்ரலில் வரவிருந்த பாரத் ஸ்டேஜ் 6 விதியை எதிர்பார்த்துப் பலர் வாங்குவதைத் தள்ளிப்போட்டனர். வாகன விற்பனையாளர் சங்கங்களின் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2019 ஏப்ரல் வரையிலான 18 மாதங்களில் நாடு முழுவதும் 286 விற்பனையகங்கள் மூடப்பட்டு, சுமார் 32,000 பேர் வேலை இழந்தனர். 2019 மே முதல் ஜூலை வரை மேலும் ஏறக்குறைய 2 இலட்சம் வேலைகள் விற்பனையகங்களில் குறைந்ததாக அதே அமைப்பு தெரிவித்தது. அந்த ஆகஸ்டில் பயணியர் வாகன விற்பனை முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 31.57 விழுக்காடு வீழ்ந்தது.

அதே 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் என்ற உச்சத்தைத் தொட்டது. நாடு மந்தத்தைப் பற்றிப் பேசிய மாதத்தில் ஏலமலை உச்ச விலையைக் கண்டது.

இவ்விலை உயர்வுக்குக் காரணம் காய் இல்லாமை. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் தோட்டங்கள் சரிந்தன, செடிகள் அழுகின. 2019 கோடையில் வறட்சி எஞ்சியவற்றைக் காயவைத்தது. 2017–18-இல் 20,000 டன்னுக்கு மேலிருந்த இந்திய விளைச்சல், 2018–19-இல் சுமார் 13,000 டன்னாகவும், 2019–20-இல் சுமார் 11,000 டன்னாகவும் குறைந்தது. பாசன வசதியால் செடியைக் காப்பாற்றியவருக்கும், காயை இருப்பு வைத்திருந்த வணிகருக்கும் அது பொற்காலம். செடி காய்ந்த சிறு விவசாயிக்கு 7,000 ரூபாய் என்பது செய்தித்தாளில் படித்த எண் மட்டுமே.

தொழிலாளியின் நிலையோ வேறு. ஏலச்செடியின் அடியில் தரையோடு படர்ந்த சரங்களில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் சில வார இடைவெளியில் சுற்றுச்சுற்றாகக் காய் எடுப்பு நடக்கும். விளைச்சல் பாதியானால் சுற்றுகளும் ஆட்களும் குறைவர். கிலோவுக்கு எவ்வளவு விலை என்பது கூலியைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை நாள் வேலை என்பதே தீர்மானிக்கிறது. போடியின் கிட்டங்கிகளில் காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் இதே நிலை: வரும் மூட்டை குறைந்தால் வேலையும் குறையும்.

2020: சாலை அடைபட்ட ஆண்டு

2020 மார்ச்சில் கொரோனா பரவலால் ஏலங்கள் நிறுத்தப்பட்டன. மே இறுதியில்தான் மீண்டும் தொடங்கின. அந்த ஏப்ரலில் நாட்டின் கார் நிறுவனங்கள் உள்நாட்டில் ஒரு வண்டியும் விற்கவில்லை. மார்ச் 31-க்குள் விற்க வேண்டியிருந்த பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகள் விற்பனையகங்களில் தேங்கி நின்றன.

போடிப் பகுதிக்கு இன்னொரு அடியும் விழுந்தது. மாநில எல்லை மூடப்பட்டதால் தொழிலாளர் மலையேற முடியவில்லை. ஏற்கெனவே 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையின்போதும் இச்சாலைகளில் போக்குவரத்து நின்று, தமிழ்த் தொழிலாளர் பலர் தோட்டங்களை விட்டு இறங்க நேர்ந்தது. 2020-இல் அந்த அடைப்பு மாதக்கணக்கில் நீடித்தது. தோட்டத்திலேயே தங்கி வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளரின் இடம் இக்காலத்தில் மேலும் முக்கியமாயிற்று.

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. வட்டி தள்ளுபடியாகவில்லை, அது அசலோடு சேர்ந்தது. ஓடாமல் நின்ற ஜீப்பின் கடன், நின்ற இடத்திலேயே வளர்ந்தது.

2020–22: விளைச்சல் பெருகி விலை வீழ்ந்த காலம்

உச்ச விலையைக் கண்டு விவசாயிகள் மறுநடவு செய்தனர். புதிய இடங்களிலும் ஏலம் வைத்தனர். மழையும் உதவியது. 2020–21-இல் விளைச்சல் 22,000 டன்னைத் தாண்டியது. விலை இறங்கத் தொடங்கியது. 2022-இல் பல மாதங்கள் சராசரி விலை கிலோ 1,000 ரூபாய்க்கும் கீழே இருந்தது. உரம், மருந்து, டீசல், கூலி ஆகியவை மட்டும் இறங்கவில்லை. நல்ல விலைக் காலத்தில் கூடுதல் குத்தகைக்குத் தோட்டம் எடுத்தவர்கள் அதிகம் சிக்கினர்.

நாட்டின் கார்ச் சந்தையோ அப்போது நேர்மாறாக இருந்தது. சில்லுத் தட்டுப்பாட்டால் வண்டி கிடைக்காமல் வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். ஏலக்காயை நம்பியிருந்தவர்களுக்குத்தான் பணம் இல்லை. நாடு வளர்ந்தபோதும் இவ்வட்டாரம் தளர்ந்ததற்கு இக்காலம் எடுத்துக்காட்டு.

விலை இறங்கும்போது தோட்டக்காரர் முதலில் குறைப்பது களையெடுப்பு, நிழல்மரக் கவாத்து, மருந்தடிப்பு ஆகிய பராமரிப்பு வேலைகளை. காயைச் செடியில் விட முடியாது என்பதால் காய் எடுப்பு மட்டும் நடக்கும். ஆகவே அறுவடைக் காலத்தில் தொழிலாளிக்கு ஓரளவு வேலை இருக்கும்; மற்ற மாதங்களில் வெறுமை. பராமரிப்பு குன்றிய செடி அடுத்த ஆண்டில் குறைவாகக் காய்க்கும். அப்போது அறுவடை வேலையும் சுருங்கும். இவ்வாறு விற்பனையகத்தில் உடனே தெரியும் சரிவு, தொழிலாளியிடம் ஓராண்டு தள்ளியும் வந்து சேர்கிறது.

தாங்கும் வழிகள்

வேலை இல்லாத மாதங்களில் தொழிலாளர் குடும்பங்களைக் காத்தவற்றுள் முதன்மையானது விலையில்லா ரேஷன் அரிசி. ஊராட்சிப் பகுதியினருக்கு நூறு நாள் வேலைத் திட்டமும் இருந்தது. அத்திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டும் உரியதாகையால், போடி நகராட்சிக்குள் வசிக்கும் தோட்டத் தொழிலாளருக்கு அது கிடைக்கவில்லை. ஒரே ஜீப்பில் மலையேறும் இருவரில், ஒருவருக்கு மட்டும் அந்தத் துணை இருந்தது. மற்றவருக்கு மகளிர் குழுக்கடனும் நகை அடகுமே கைகொடுத்தன. குழுக்கடனுக்கு வாரத் தவணை உண்டு. வேலை இல்லாத வாரத்திலும் அது வரும்.

மதிப்பீடு

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து மூன்று வகை மந்தங்களைப் பிரித்தறியலாம். கடன் தட்டுப்பாட்டால் வரும் மந்தம், 2019-இல் போல, முதலில் விற்பனையகத்தையும் அதன் ஊழியரையும் தாக்குகிறது. விலை வீழ்ச்சியால் வரும் மந்தம், 2022-இல் போல, தோட்டக்காரரையும் குத்தகைதாரரையும் தாக்கி, அவர்கள் வழியாக வாகன வணிகத்துக்குச் செல்கிறது. விளைச்சல் வீழ்ச்சியால் வரும் மந்தமோ உயர்ந்த விலையின் பின்னால் மறைந்திருக்கிறது. அது தொழிலாளியையும் ஜீப் ஓட்டுநரையும் தாக்குகிறது.

2023 நடுவில் விலை மீண்டும் ஏறியது. 2024 கோடையில் வறட்சி இடுக்கித் தோட்டங்களை மறுபடியும் காயவைக்க, விலை மேலும் உயர்ந்தது. ஊரின் நலத்தை அளக்க ஏல விலையை மட்டும் பார்ப்பது வழக்கமாக உள்ளது. அதோடு, காலையில் எத்தனை ஜீப்புகள் போடிமெட்டு ஏறின என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.