தெரியாது என்னும் விடையின் வரலாறு

ஒரு முகவரியைக் கொடுத்தால் அதற்குரிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் திருப்பித் தருவது புவிக்குறியாக்கம். இன்று ஆய்வு மாணவர்கள் பலர் சில வரி நிரல் எழுதி, வலைச்சேவை ஒன்றிடமிருந்து ஆயிரக்கணக்கான இடங்களின் எண்களைப் பெற்று ஆய்வேட்டு வரைபடங்களை அமைக்கின்றனர். அத்தகைய நிரலை மீளாய்வு செய்வோர் பெரும்பாலும் மாறிகளின் பெயர்களையும் மீண்டும் மீண்டும் வரும் வரிகளையும் கவனிப்பர். ஆனால் இத்துறையின் வரலாறு முன்வைக்கும் கேள்வி வேறு: விடை கிடைக்காதபோது அந்நிரல் என்ன சொல்கிறது?

1967இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நியூ ஹேவன் நகரில் ஓர் ஆய்வுத் திட்டத்தை நடத்தியது. அஞ்சல் வழியைப் பெரிதும் நம்பியிருந்த 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு, ஒவ்வொரு முகவரியையும் கணினியே உரிய தெருத்தொகுதியில் சேர்க்க வேண்டியிருந்தது. அங்கு உருவான 'டைம்' என்னும் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தெருத்துண்டும் இருமுறை விவரிக்கப்பட்டது. எந்தச் சந்திப்பிலிருந்து எந்தச் சந்திப்பு வரை என்பது ஒரு விவரம். இடப்புறமும் வலப்புறமும் எந்தெந்தத் தொகுதிகள் என்பது மற்றொன்று. ஒரு தொகுதியைச் சூழ்ந்த துண்டுகளை வரிசையாகக் கோத்தால் தொடங்கிய சந்திப்புக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பதிவில் பிழை உண்டு. கணிதவியலாளர் ஜேம்ஸ் கார்பெட் இடத்தியலின் துணைகொண்டு வகுத்த இவ்வமைப்பில், தரவே தன் பிழையைக் காட்டிக்கொடுத்தது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2006இல், கூகுள் தன் வரைபட ஏபிஐயில் புவிக்குறியாக்கத்தைச் சேர்த்தது. அதன் மிக எளிய விடைவடிவம் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள்: நிலைக்குறி, துல்லிய அளவு, அட்சரேகை, தீர்க்கரேகை. நிலைக்குறி 200 எனில் வெற்றி; 602 எனில் முகவரி அறியப்படவில்லை; 620 எனில் வினாக்கள் வரம்பை மீறிவிட்டன. தோல்வியுற்ற விடையில் எஞ்சிய மூன்று எண்களும் 0. சேவை தன் அறியாமையைத் தெளிவாகவே சொன்னது. அதைக் கேளாமல் கடைசி இரு எண்களை மட்டும் எடுத்துக்கொண்ட நிரல், கிடைக்காத முகவரியை 0, 0 என்னும் புள்ளியில் குடியேற்றியது. 602ஐயும் 620ஐயும் ஒன்றாகக் கருதிய நிரலோ, விரைந்து கேட்ட குற்றத்துக்காக, உள்ள முகவரியை இல்லாததாகப் பதிவுசெய்தது.

நிலநடுக்கோடும் கிரீன்விச் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் அந்தப் புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் உள்ளது. அங்கே நிலம் இல்லை. கடலாய்வு மிதவை ஒன்று அங்கு நிறுவப்பட்டிருந்தது. வரைபடவியலாளர்கள் அவ்விடத்துக்கு வேடிக்கையாக 'நல் தீவு' என்று பெயரிட்டனர். இங்கு நல் என்பது கணினி மொழியில் வெறுமையைக் குறிக்கும் சொல்.

கடலில் விழும் பிழையாவது கண்ணுக்குத் தெரியும். நிலத்தில் விழும் பிழை தெரிவதில்லை. இணைய முகவரிகளுக்கு இடம் காட்டிய அமெரிக்க நிறுவனம் ஒன்று, நாடு மட்டுமே தெரிந்த முகவரிகளுக்கெல்லாம் 38, −97 என்னும் புள்ளியை விடையாகத் தந்துவந்தது. நாட்டின் மையத்தை ஒட்டித் தேர்ந்த முழு எண்கள் அவை. அப்புள்ளி கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் அருகே விழுந்தது. மோசடிக்காரர்களையும் காணாமற் போனோரையும் தேடிக் காவல்துறையினரும் அந்நியரும் ஆண்டுக்கணக்கில் அவ்வீட்டின் கதவைத் தட்டினர். 60 கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் அங்கே குவிந்திருந்தது 2016இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பின்னர் அந்நிறுவனம் அப்புள்ளியை ஒரு நீர்த்தேக்கத்துக்கு மாற்றியது.

இந்தியாவில் இவ்விடர் இன்னும் நுட்பமானது. நம் முகவரிகள் 'கோயிலுக்கு எதிரில்', 'பள்ளிக்குப் பின்புறம்' என உறவுச் சொற்களால் ஆனவை. அவற்றைப் பொருள்கொள்ள இயலாதபோது சேவை பெரும்பாலும் ஊரின் மையத்தையோ அஞ்சல் குறியீட்டெண் பகுதியின் மையத்தையோ திருப்பித் தருகிறது. 1972 ஆகஸ்ட் 15 முதல் நடப்பிலுள்ள அந்த ஆறிலக்க எண் கடிதத்தை அஞ்சலகம் வரை சேர்ப்பதற்கு அமைந்தது. வீட்டு வாசலைக் காட்டுவதற்கு அன்று. ஆயினும் நிலைக்குறி வெற்றி என்றே வரும். துல்லியம் தோராயமானது என்று விடையின் வேறோர் இடத்தில் குறித்திருக்கும். அதை நிரல் கைவிட்டால், சிதறி வாழும் நூறு நோயாளிகள் வரைபடத்தில் ஒரே இடத்தில் குவிவர். இல்லாத தொற்றுமையம் ஒன்று ஆய்வேட்டில் பிறக்கும்.

ஆகவே மீளாய்வில் முதலில் கேட்கவேண்டியவை நான்கு. எண்களை எடுப்பதற்கு முன் நிலைக்குறி படிக்கப்படுகிறதா? 'இல்லை' என்பதும் 'பிறகு கேள்' என்பதும் வேறுபடுத்தப்படுகின்றனவா? ஒவ்வொரு புள்ளியுடனும் அதன் துல்லிய அளவு சேமிக்கப்படுகிறதா? கிடைத்த புள்ளி, முகவரியில் உள்ள மாவட்டத்தின் எல்லைக்குள் விழுகிறதா? கடைசிக் கேள்வி நியூ ஹேவனில் கற்ற பாடம்: ஒன்றை மற்றொன்று சாராத இரு சாட்சிகள் ஒத்துப்போகும் வரை எந்த இடமும் உறுதியன்று.

நிரலின் ஒழுங்கும் அழகும் பின்னர் வரட்டும். தெரியாததைத் தெரியாது என்று பதிவதே அதன் முதல் தரம்.