பூங்காவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

சாலை, சாக்கடை, குப்பை எல்லாவற்றுக்கும் ஒதுக்கியபின் மிஞ்சும் பணம்தான் நகராண்மைக் கழகங்களில் பூங்காவுக்கு வரும். நேயர்களே, இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்ட ஊர் ஒன்று உண்டு. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்.

கப்பல் தொழில் பெருகப் பெருக அங்கே வீடுகள் நெருங்கின. நகர ஆணையர்கள் 1843இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி அனுமதி பெற்று 226 ஏக்கர் வாங்கினார்கள். பெரும்பகுதி சதுப்பு நிலம்! அதில் 125 ஏக்கரைப் பொதுமக்களுக்கு ஒதுக்கிவிட்டு, சுற்றியுள்ள மனைகளை வசதி படைத்தவர்களுக்கு விற்க முனைந்தார்கள். பூங்காவைப் பார்த்த வீடு என்றால் விலை கூடும் அல்லவா? அந்த வருமானம் செலவை ஈடுகட்டும் என்பது அவர்கள் கணக்கு.

ஜோசப் பேக்ஸ்டன் வடிவமைத்த அந்தப் பூங்கா 1847 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1850இல் அங்கு வந்த அமெரிக்கர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், ஏழையும் பணக்காரரும் ஒரே இடத்தில் உலாவுவதைக் கண்டு வியந்து எழுதினார். பின்னாளில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் அவர் ஒருவர்.

கட்டுவதற்கு ஒருவழியாகப் பணம் திரட்டிவிடலாம். ஆண்டுதோறும் புல் வெட்டுவதற்கு? முதியோர் பராமரிப்பும் குழந்தைப் பாதுகாப்பும் இங்கிலாந்து மன்றங்களின் சட்டக் கடமை. பூங்கா அப்படி அல்ல. 2010க்குப் பின் அரசாங்க மானியம் குறைந்தபோது, பல மன்றங்கள் பூங்காச் செலவில்தான் கை வைத்தன.