எக்ஸ்டென்ட் அளவு: தரவுத்தளத்தில் இட ஒதுக்கீட்டின் வரலாறு

தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை வளர வளர, வட்டில் அதற்கான இடம் துண்டு துண்டாகவே ஒதுக்கப்படுகிறது. ஒரு துண்டுக்கு எக்ஸ்டென்ட் என்று பெயர். அதன் அளவை எப்படி முடிவு செய்வது என்ற கேள்விக்கு நிர்வாகிகள் நெடுங்காலம் தந்த விடை, அட்டவணை எவ்வளவு வளரும் என்று கணித்து, அதற்கேற்பத் தனித்தனியாக ஒதுக்குவது. பொறுப்புள்ள விடையாகத் தோன்றினாலும் அது தவறானது. முன்கூட்டியே வகுத்த ஒருசில அளவுகளை எல்லா அட்டவணைகளுக்கும் பொதுவாக்குவதே சரி என்பதற்கு இத்துறையின் வரலாறே சான்று.

கணிப்பு முறை தரவுத்தளங்களுக்கும் மூத்தது. ஐபிஎம் 1964இல் அறிவித்த ஓஎஸ்/360இல் கோப்பின் முதல் ஒதுக்கீட்டையும் அடுத்தடுத்த ஒதுக்கீட்டையும் நிரலரே எழுதித் தர வேண்டும். ஒரு வட்டில் ஒரு கோப்புக்கு 16 துண்டுகளே உச்சவரம்பு. கணக்குப் பிசகினால் வேலை நடுவில் முறியும். தரவுத்தள மென்பொருளான ஆரக்கிள் இதே சிந்தனையை இனிஷியல், நெக்ஸ்ட், பிசிடிஇன்கிரீஸ் என்ற மூன்று அளவுருக்களாக ஏற்றது. மூன்றாவதன் இயல்பு மதிப்பு 50. அதாவது, ஒவ்வொரு புதிய துண்டும் முந்தையதைவிட ஒன்றரை மடங்கு. முதல் இரண்டும் 1 மெகாபைட்டாக இருந்தால் இருபதாவது துண்டு கிட்டத்தட்ட 1.4 ஜிகாபைட் கேட்கும்! 2 கிலோபைட் பிளாக் (தரவைப் படித்து எழுதும் மிகச் சிறிய அலகு) கொண்ட தரவுத்தளத்தில் ஓர் அட்டவணைக்கு 121 துண்டுகளுக்கு மேல் கிடையாது என்ற கட்டுப்பாடும் இருந்ததால், துண்டுகளைப் பெரிதாக்கும் பழக்கம் வேரூன்றியது. 7.3 பதிப்பு அந்த வரம்பை நீக்கிய பிறகும் பழக்கம் போகவில்லை.

உண்மையான கேடு அட்டவணையை நீக்கும்போதுதான் தெரியும். விடுபட்ட துண்டுகள் ஒவ்வொன்றும் ஓர் அளவு. மொத்தக் காலியிடம் ஏராளம், ஆனால் அடுத்தவருக்குப் பொருந்தும் இடம் ஒன்றுமில்லை. யாங்கூனின் பபேடான் பகுதி இதற்கு நேர்மாறான பாடம். 1852 ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பின் பிரிட்டிஷ் அதிகாரிகளான மாண்ட்கோமரியும் ஃப்ரேசரும் வகுத்த கட்டத் திட்டத்தின் நேர்த்தெருக்களில் அமைந்த பகுதி அது. செட்டியார்களின் வட்டிக்கடைகள் நிறைந்திருந்த மொகல் தெரு இன்று ஷ்வே பொந்தா தெரு. ஆட்களும் தொழில்களும் மாறினாலும் தெருக்கட்டம் மாறவில்லை. யார் வரப்போகிறார் என்று கணிக்காமல் வகுத்ததால்தான் ஒருவர் விட்ட இடம் இன்னொருவருக்குப் பயன்பட்டது. கணினி நினைவகத்தில் இந்த ஒழுங்கை 1965இல் கென்னத் நோல்டன் இரண்டின் அடுக்குகளாகப் பிரிக்கும் முறையால் காட்டியிருந்தார். ஆரக்கிளின் ஹிமத்சிங்காவும் லோயிசாவும் 1990களின் பிற்பகுதியில் எழுதிய கட்டுரை அதைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுவந்தது: 128 கிலோபைட், 4 மெகாபைட், 128 மெகாபைட். மூன்றே அளவுகள், ஒவ்வொன்றுக்கும் தனி டேபிள்ஸ்பேஸ், அதாவது தனிச் சேமிப்புப் பகுதி.

இதனால் இடம் வீணாகும் என்பது முதல் ஆட்சேபம். ஆயிரம் சிறு அட்டவணைகள் அநேகமாகக் காலியாகவே இருந்தாலும், 128 கிலோபைட் வீதம் வீணாவது 125 மெகாபைட். மேலே சொன்ன அந்த இருபதாவது துண்டு ஒன்றின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. துண்டுகள் பெருகினால் வேகம் குறையும் என்பது அடுத்தது. இண்டெக்ஸ் வழியாகப் படிக்கும்போது பிளாக்கின் முகவரி நேராகக் கிடைப்பதால் துண்டுகளின் எண்ணிக்கை பொருட்டே அல்ல. முழு அட்டவணையையும் படிக்கையில்கூட, ஒரே மூச்சில் வாசிக்கும் அளவைவிடத் துண்டு பெரிதாக இருந்தால் போதும். இந்த அச்சத்தில் ஓர் உண்மை இருந்தது: துண்டுகளின் பட்டியல் தரவகராதி அட்டவணைகளில் இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான துண்டுகள் கொண்ட அட்டவணையை நீக்குவது உண்மையிலேயே நெடுநேரம் எடுத்தது. 1999இல் வந்த ஆரக்கிள் 8ஐ பதிப்பு அந்தக் கணக்கைக் கோப்பிலேயே ஒரு பிட்வரைபடமாக மாற்றியபோது அந்தக் காரணமும் மறைந்தது.

மென்பொருளே அளவைத் தேர்வு செய்யும்போது நிர்வாகிக்கு என்ன வேலை என்ற கேள்விதான் வலுவானது. ஆரக்கிளின் ஆட்டோஅலோகேட் முறை 64 கிலோபைட்டில் தொடங்கி, அட்டவணை வளர்வதற்கேற்ப 1, 8, 64 மெகாபைட் என ஏறுகிறது. சிறிதும் பெரிதும் கலந்த, வளர்ச்சி தெரியாத அட்டவணைகளுக்கு அதுவே போதும். ஆனால் நான்கு அளவுகளும் ஒரே டேபிள்ஸ்பேஸில் கலப்பதால், பெரிய துண்டு தேவைப்படும் இடத்தில் சிறு இடைவெளிகளே மிஞ்சக்கூடும். மாதந்தோறும் ஏற்றி, பழையதை நீக்கும் பெரிய அட்டவணைப் பிரிவுகளுக்கு ஒரே அளவுள்ள யூனிஃபார்ம் முறையே ஏற்றது: நீக்கிய மாதத்தின் இடம் அப்படியே புதிய மாதத்துக்குக் கிடைக்கும்.