பதினான்கு மாத்திரைகளின் கதை

ஒரகடம் பக்கம் இரவு ஷிப்டில் இருக்கும் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரவே நேரமாகும். இந்த இடைவெளிக்காகத்தான் தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு அது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. கடைசி எட்டும் கொழுப்புக்கு உரியவை. முதல் ஆறும் ரத்தத் தட்டணுக்களுக்கு, அதாவது பிளேட்லெட்டுகளுக்கு. அந்த ஆறின் வரலாற்றில் நம் பக்கத்து மாநிலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார்.

கேரளத்தின் கொட்டாரக்கரையில் 1952-ல் பிறந்தவர் சலீம் யூசுப். பெங்களூர் செயின்ட் ஜான்ஸில் மருத்துவம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனார். மாரடைப்பு எப்படி வருகிறது? ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு, அழற்சியால் பலவீனமாகி வெடிக்கிறது. காயம் என்று நினைத்துத் தட்டணுக்கள் ஓடிவந்து அடைக்கின்றன. ஆஸ்பிரின் அவற்றை ஒட்டவிடாது. இது 1970-களிலேயே தெரியும். ஆனால் உயிர் பிழைக்கிறார்களா என்று சொல்லச் சில நூறு நோயாளிகள் போதாது.

யூசுப்பும் ஆக்ஸ்போர்டு சகாக்களும் தொடங்கியது 'ஐசிஸ்' ஆய்வு வரிசை. அதில் இரண்டாவது 1988-ல் வெளிவந்தது. 417 மருத்துவமனைகள், 17,187 நோயாளிகள். ஐந்து வாரங்களில் இதய, ரத்தக்குழாய் காரணங்களால் இறந்தவர்கள், ஆஸ்பிரின் இல்லாதவர்களில் 11.8 சதவீதம், எடுத்தவர்களில் 9.4. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மலிவு மாத்திரை! (வணிகவியல் மாணவனுக்கு இதுதான் முதலில் கண்ணில் படும்.)

ஒரு வேடிக்கையும் உண்டு. நோயாளிகளைச் சிறு பிரிவுகளாகப் பிரித்துப் பார்த்தால் தப்பான முடிவு வரும் என்று காட்ட, ஆய்வாளர்கள் ராசிவாரியாகவும் பிரித்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலிக்கவில்லையாம்!

அழற்சியின் பங்கை 1997-ல் பால் ரிட்கர் குழு இன்னும் தெளிவாக்கியது. ரத்தத்தில் அழற்சிக் குறியீடு அதிகமாக இருந்த ஆண்களில் ஆஸ்பிரின் முதல் மாரடைப்பைச் சுமார் 56 சதவீதம் குறைத்தது. மிகக் குறைவாக இருந்தவர்களில் 14 சதவீதம்தான்.

பிறகு கனடாவிலிருந்து யூசுப் தலைமையில் 2001-ல் 'க்யூர்' ஆய்வு. 12,562 நோயாளிகள். ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் சேர்த்தபோது மரணம், மாரடைப்பு, பக்கவாதம் சேர்ந்து 11.4-லிருந்து 9.3 சதவீதமாயின. ரத்தக்கசிவு கூடியது, அதனால் கடையில் வாங்கித் தானாக விழுங்கும் மாத்திரை அல்ல இது. அந்த ஆய்வில் முதலில் கொடுத்த அளவு 300 மில்லிகிராம். நம்ம ஊர் பொட்டலத்தில் இருப்பது 75 மில்லிகிராம் மாத்திரை, நான்கு.