வயிறு துருத்திய லென்ஸ்

ஜூபிடர்-12ஐப் பார்க்கிறவங்க முதல்ல கேக்கிறது, "என்னங்க, பின்பக்கம் இப்படித் துருத்திக்கிட்டு இருக்கு?" நானும் அதையேதான் கேட்டேன். முன்கண்ணாடி குழிக்குள்ளே ஒளிஞ்சுக்கிட்டு, பின்கண்ணாடி கோலிகுண்டு மாதிரி வெளியே நிக்குது. கேமராவில் திருகும்போது ஷட்டரை முட்டிடுமோன்னு பயமாத்தான் இருக்கும். 35 மி.மீ., எஃப்/2.8, சோவியத் சரக்கு. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைச் சொல்லும். என்னுது 63ல் ஆரம்பிக்குது.

இந்தத் துருத்தலுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு.

வடிவம் சோவியத்தோடது இல்லை. லுட்விக் பெர்ட்டெலே என்ற ஜெர்மானியர் 1930களில் காண்டாக்ஸ் கேமராவுக்காக வடிவமைத்த ட்ஸைஸ் பயோகான்தான் மூலம். காண்டாக்ஸ் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, உள்ளே கண்ணாடி (மிரர்) கிடையாது. அதனால் லென்ஸின் வாலை ஃபிலிம் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்த அவருக்குத் தடையே இல்லை. அகலக் கோணத்தில் நேர்கோடு வளையாம இருக்க இது ரொம்ப வசதி.

அப்புறம் போர். காண்டாக்ஸ் தயாரான டிரெஸ்டன் நகரம் 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் தரைமட்டம். போர் இழப்பீடாகக் காண்டாக்ஸ் தயாரிப்புக் கருவிகள் சோவியத்துக்குப் போச்சு. 1947 முதல் அதே கேமரா "கீவ்" என்ற பெயரில் உக்ரைனில் வர ஆரம்பிச்சுது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க்கில் பயோகானின் நகல் தயாராச்சு. சோவியத் கண்ணாடிக்கு ஏற்ப கணக்கைக் கொஞ்சம் மாற்றி, ஜூபிடர்-12னு பேர் வெச்சாங்க. கீவுக்கு ஒரு மவுண்ட், ஜோர்க்கி, ஃபெட் கேமராக்களுக்கு 39 மி.மீ. திருகு மவுண்ட்.

இதில்தான் வேடிக்கை. மேற்கு ஜெர்மனியில் 1950ல் புதுசா வந்த காண்டாக்ஸ் 2ஏ-யின் உள்கட்டு மாறிடுச்சு. போருக்கு முந்தைய 35 மி.மீ. பயோகான் அதுக்குள்ளே போகலை! சொந்த வீட்டிலேயே இடமில்லை. வால் குட்டையான வேற பயோகான் செய்ய வேண்டியதாப் போச்சு. பழைய வடிவம் தொடர்ந்து பிழைச்சது, கருவிகளைத் தூக்கிட்டுப் போன ஊரில்தான்.

கொஞ்ச நாளில் எஸ்.எல்.ஆர். காலம் வந்தது. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஆடுற மிரருக்கு இடம் விடணும். 1959ல் வந்த நிக்கான் எஃப்-ல் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மி.மீ. தூரம். துருத்தின வால் அங்கே எப்படி நுழையும்? பிரான்சில் பியேர் ஆஞ்சனியூ 1950லேயே வழி கண்டிருந்தார்: முன்னாடி ஒரு குழிலென்ஸ் தொகுதியைப் போட்டு, பிம்பம் விழும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார். அவர் வெச்ச வணிகப் பெயரான "ரெட்ரோஃபோகஸ்" பிற்பாடு அந்த வகைக்கே பொதுப்பெயராச்சு.

சரி, மேட்டருக்கு வர்றேன். 2013ல் முழு ஃபிரேம் சோனி ஏ7 வந்தப்போ பழைய லென்ஸ்காரங்களுக்கெல்லாம் ஒரே குஷி. மிரர் போயே போச்சு! திருகு லென்ஸுக்கு 28.8 மி.மீ. தூரம் வேணும், சோனி மவுண்டுக்கு 18. மிச்சம் 10.8 மி.மீ.க்கு ஒரு வளையம் போட்டா வேலை முடிஞ்சுது. வீட்டுக்குத் திரும்பின மாதிரிதானே? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

மொட்டைமாடிச் செங்கல் சுவரை எடுத்தேன். (அபெர்ச்சர் வளையம் முன்குழிக்குள்ளே இருக்கு. விரலை விட்டுத் திருப்பினா ஃபோகஸும் கூடவே நகருது. பொறுமை வேணும்.) எஃப்/2.8ல் நடுப்பகுதி நல்ல கூர்மை. செங்கல் வரிகள் ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நேர். ஆனா நாலு மூலையும் கஞ்சி ஊத்தின மாதிரி மங்கல், ஓரத்தில் ஊதாச் சிவப்புக் கறை வேற. எஃப்/8க்குப் போனா மங்கல் பாதி குறையுது, கறை போகலை.

லென்ஸ் மேல் தப்பில்லை. வால் இவ்வளவு கிட்ட இருந்தா மூலைக்குப் போற ஒளி ரொம்பச் சாய்வா விழும். ஃபிலிம் அதைக் கண்டுக்காது. சென்சாருக்கு முன்னாடியோ ஒரு கண்ணாடித் தகடு, அதுக்குக் கீழே ஒவ்வொரு பிக்ஸலுக்கும் குட்டி லென்ஸ். சாய்ஞ்சு வர்ற ஒளி தகட்டில் விலகி மங்கலாகுது, பக்கத்துப் பிக்ஸலில் சிந்திக் கறையாகுது. 2015ல் முழு ஃபிரேமுக்கும் வந்த பின்னொளி சென்சார்களில் கறை வெகுவாகக் குறைஞ்சுது. ஆனா தகடு இருக்கிறவரைக்கும் மங்கல் இருக்கும். பெர்ட்டெலே கணக்குப் போட்டப்போ அந்தத் தகடே கிடையாதே, பாவம் அவர் என்ன செய்வார்!

கருப்பு வெள்ளையாக மாத்தினா கறைத் தொல்லை இல்லை. மூலையை வெட்டினா அகலக் கோணம் வாங்கினதே வீண், அதனால் வெட்டலை. முயற்சி பண்றவங்க, வால் ஷட்டரைத் தொடாதான்னு முதல்ல அளந்து பார்த்துடுங்க.

யார்கிட்டயாவது பழைய ஜோர்க்கி சும்மா கிடந்தா சொல்லுங்க. ஒரே ஒரு ஃபிலிம் ரோல் போட்டு அதே சுவரை எடுத்துப் பார்க்கணும் :-)